முகமூடிப் பேய்க்கு எழுதிய வசனம்

டப்பிங் எழுதுகிறவனுக்கு மிகவும் வசதியானது முகமூடி போட்ட பேய்தான். மனிதனுக்கு எழுதும்போது அவன் உதடு எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது என்று பார்க்க வேண்டும். ஜப்பான்காரன் வாயை ஆவென்று திறந்துவைத்திருக்கும் இடத்தில் தமிழில் அதற்கேற்ற சொல்லைத் தேடி அரை நாள் போய்விடும். முகமூடியில் அந்தத் தொல்லை இல்லை. உள்ளே இருப்பது பேசுகிறதா, மூச்சு விடுகிறதா, பல் குத்துகிறதா என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால் இங்கே ஆரம்பிக்கிறேன். சார்லஸ் செத்ததும், ரேகா கடலூரில் ஆஸ்பத்திரியில் கிடப்பதும் கடைசியில் வரும். நான் எதையும் மறைக்கப் போவதில்லை, இளவரசி மேடம். வாக்குமூலத்தை நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

என் பெயர் ஞானசேகரன். வயது நாற்பத்தேழு. சிதம்பரத்தில் ஒரு நூலகத்தில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் காபியைக் குடித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்தேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை. படிப்பேன். படிக்காத நேரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். சும்மா உட்கார்ந்திருக்கிறவனைக் கண்டால் ஜனங்களுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. வந்து கொட்டுகிறார்கள். பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற தாசில்தார், தன் தலையில் இருப்பது தன் முடியில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய மனைவிக்கே அது தெரியாது. நான் கேட்கவில்லை. பதினோரு நிமிடம் சும்மா இருந்தேன், அவ்வளவுதான்.

அசாருதீன் என்னோடு படித்தவன். கடலூர் முதுநகரில் லோக்கல் சேனல் நடத்துகிறான். ஐஸ் கம்பெனி மாடியில் ஒரு அறை, சுவர் முழுக்க ஆணியடித்த பழைய மெத்தைகள், ஒரு மைக். அங்கே அவன் வெளிநாட்டுப் படங்களைத் தமிழாக்குகிறான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் வசனம் எழுதிக் கொடுப்பேன். போன மாதம் ஒரு ஜப்பான் படம் கொண்டுவந்தான். எங்கிருந்து என்று கேட்காதீர்கள், அது வேறு கேஸ்.

படம் இதுதான். சாமுராய் ஒருவன். அவனுடைய தங்கை ஒரு பேயோடு போய்விடுகிறாள். பேய் தூக்கிக்கொண்டு போகவில்லை, அவளாக விரும்பித்தான் போகிறாள். குடும்ப மானம் போயிற்று என்று இவன் வாளை எடுத்துக்கொண்டு ஏழு மலை தாண்டிப் போகிறான். வழியில் ஒற்றைக்கண் பேய், தவளை போலக் கத்தும் பேய், தன் தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கும் பேய். ஒவ்வொன்றையும் வெட்டுகிறான். எல்லாப் பேயும் சாகும்போது ஏதோ ஒரு தத்துவம் சொல்லிவிட்டுத்தான் சாகிறது.

"இது நம்ம ஜில்லா கதை மச்சான்" என்றான் அசாருதீன். "கத்தி மட்டுந்தான் நீட்டு."

முகமூடிப் பேய்க்குக் குரல் சின்னையன். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சாவுச் செய்தி சொல்லிப்போகிறவர். முதுநகரில் யார் காலமானாலும் அவர் குரலில்தான் காலமாவார்கள். முதல் நாளே, "உன் தலை மண்ணில் உருளும்" என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, பழக்கதோஷத்தில் "என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று சேர்த்துவிட்டார். அசாருதீன் அதை நீக்கவில்லை. பெண் பேய்களுக்கெல்லாம் மங்கலம். துறைமுகத்தில் மீன் விற்கும் அம்மா. அவருக்குப் படத்தில் ஒரே ஒரு மனக்குறை.

"இன்னா சாரு இவன், வாள வெச்சுகினு நின்னுகினே கெடக்குறான். வெட்டுனா வெட்டு. இல்ல, வூட்டுக்குப் போயி சோத்தத் துன்னு."

அந்த அம்மா சொல்வது நியாயம். ஆனால் அப்படி நிற்கும் இடங்களுக்காகத்தான் எனக்கு அந்தப் படம் பிடித்தது. கடைசி மலையில் சாமுராய் முகமூடிப் பேயின் முன்னால் வந்து நிற்கிறான். என் தங்கை எங்கே என்று கேட்கிறான். பேய் பதில் சொல்லவில்லை. மழை பெய்கிறது. முகமூடியின் கன்னத்தில் தண்ணீர் வழிகிறது. ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பிறகு பேய் தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டுகிறது. அவன் வெட்டிவிடுகிறான். தங்கை எங்கே என்று அவனுக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

"இங்க எதாச்சும் பேச வுடு மச்சான்" என்றான் அசாருதீன். "ரெண்டு நிமிஷம் சத்தம் வரலன்னா கேபிள் பூடுச்சுன்னு ஆளாளுக்கு எனக்கு போன் பண்ணுவாங்க."

"அது பேசாது."

"பேசாத பேய எவன் பாப்பான்? நீ ஒருத்தன் பாப்ப."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலேயே எழுதிக்கொண்டு போனேன். சின்னையன் மைக் முன்னால் நின்று படித்தார். அதை அப்படியே சொல்கிறேன்.

"நீ தேடுகிறவள் கிழக்குக் கோபுரம் கண்ணில் படும் தூரத்தில் இருக்கிறாள். பழைய அரவை மில்லுக்குப் பின்னால் மூன்றாவது சந்து. வெளியே படி ஏறும் மாடி. வாசலில் நீல டிரம். புதன்கிழமை அவனுக்கு வேலை இல்லை. இருவரும் வீட்டில்தான் இருப்பார்கள்."

அசாருதீன் ஹெட்போனைக் கழற்றினான். "ஜப்பான்ல ஏது மச்சான் நீல டிரம்மு?"

"அங்கயும் தண்ணிக் கஷ்டம் உண்டு" என்றேன்.

"பேய்க்கு எதுக்கு சாரு புதங்கெழம லீவு?" என்றார் மங்கலம்.

"வாரத்துல ஒரு நாளு அதுவும் எண்ண தேச்சுக் குளிக்க வாணாமா?" என்றார் சின்னையன்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். மூன்று பேர் முன்னால் வெளிச்சமாகச் செய்த காரியம் இது என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். ஒளித்துச் செய்கிறவன் வேறு மாதிரி ஆள்.

அது ரேகாவின் வீடு.

ரேகா குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்க நூலகத்துக்கு வருகிற பெண். திட்டக்குடிப் பக்கம். இரண்டு வருடத்துக்கு முன்னால் சார்லஸைக் கல்யாணம் செய்துகொண்டு சிதம்பரத்துக்கு வந்துவிட்டாள். அவன் டூவீலர் மெக்கானிக். வேறு சாதி, வேறு மதம். அவள் வீட்டில் இரண்டில் ஒன்றே போதும். யாருக்கும் தெரியாமல் இருந்தார்கள். தினமும் மூன்றரை மணிக்கு என் மேஜைக்கு எதிரே வந்து உட்காருவாள். முதல் வாரம் பொது அறிவு மட்டும் படித்தாள். இரண்டாவது வாரம் பேச ஆரம்பித்தாள். பதினோரு மாதம் பேசினாள். சந்து, படி, டிரம், சார்லஸின் லீவு நாள், எல்லாம் அவளே சொன்னது.

"எங்க அண்ணன் கண்டுபுடிச்சா வெட்டிடுவான் சார்" என்றும் சொன்னாள். "சும்மா பேச்சுக்குச் சொல்லல. எங்க சித்தப்பா பொண்ண..." என்று நிறுத்தினாள். நான் காத்திருந்தேன். சொல்லி முடித்தாள்.

எழுந்து போகும்போது, "ஒங்ககிட்ட சொன்னா கெணத்துல போட்ட கல்லு சார். அதான் தைரியமா சொல்றேன்" என்றாள். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அவ்வளவு மரியாதை செய்ததில்லை. அதற்குத் தகுதியாகத்தான் நடந்தேன். அவளுடைய அண்ணன் ஒருநாள் நூலகத்துக்கே வந்தான். பெயர் அறிவுமதி. அழகாக இஸ்திரி போட்ட சட்டை, மிக மரியாதையான பையன். போனில் அவள் போட்டோவைக் காட்டினான்.

"இந்தப் பொண்ணு இங்க படிக்க வருதா சார்? எங்க தங்கச்சி. எங்க அம்மா சோறு தண்ணி இல்லாம கெடக்கு. பாத்தீங்கன்னா ஒரு போன் பண்ணுங்க சார்."

போட்டோவைப் பார்த்தேன். அவனைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நம்பரை எழுதிவைத்துவிட்டுப் போனான். அன்று மூன்றரை மணிக்கு ரேகா வந்தபோதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பயந்துவிடுவாள், படிப்பு கெட்டுவிடும்.

அதற்கு நான்கு நாள் கழித்துத் தமிழ் இலக்கிய அலமாரிக்குப் பின்னால் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ரேகாவும் அவளோடு படிக்கும் சுவேதாவும்.

"அந்தாளுகிட்ட போயி இவ்ளோ சொல்றியே, பயமா இல்லியா?" என்றாள் சுவேதா.

"யாரு, லைப்ரரி சாரா? அவரு பீரோ மாதிரிடி. தொறந்து வெச்சுட்டு மூடிட்டு வந்துடலாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பெண்கள் சாதாரணமாகச் சிரிக்கிற சிரிப்புதான். எனக்குக் கோபம் வரவில்லை. யோசித்தேன். பதினோரு மாதத்தில் அவள் ஒருநாள்கூட நான் சாப்பிட்டேனா என்று கேட்டதில்லை. பீரோவிடம் யார் கேட்பார்கள்?

நீங்கள் நினைப்பது போல நான் உடனே போனை எடுக்கவில்லை. விலாசத்தைச் சொல்லிக்கொடுக்கிறவன் காட்டிக்கொடுப்பவன். அதே விலாசத்தை ஒரு பேய் சொன்னால் அது வசனம். இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் பட்டது. இப்போதும் படுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அசாருதீன் சொல்லிவிடுவான். அவனுக்கு அந்த இடத்தில் வசனம்தான் வேண்டும் என்றில்லை. முதல் வாரமே, "ஒரு சிரிப்பு போட்டாக்கூடப் போதும் மச்சான்" என்று சொல்லியிருந்தான். சின்னையன் சிரித்தும் கொடுத்தார். அருமையான சிரிப்பு, கீழே ஐஸ் உடைக்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். பதிவும் ஆகிவிட்டது. அதை அழிக்கச் சொன்னவன் நான்தான்.

படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒளிபரப்பானது. கடலூரில், பரங்கிப்பேட்டையில், சிதம்பரத்தில் எல்லாம் பார்த்தார்கள். நீல டிரம்மைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கக்கத்தில் தலை வைத்த பேயை மறுபடியும் எப்போது போடுவீர்கள் என்றுதான் கேட்டார்கள். தாசில்தார்கூடப் பார்த்திருக்கிறார், சாமுராயின் கொண்டை நிஜமா என்று விசாரித்தார். ஒரு வசனகர்த்தாவுக்கு இதைவிட அவமானம் கிடையாது. இவ்வளவு தெளிவாக எழுதியும் ஊருக்கு உறைக்கவில்லை.

திட்டக்குடியில் அசாருதீனின் சேனல் வராது. இது எனக்கு முன்பே தெரியும். அதனால் அந்த ஒரு நிமிடம் ஐம்பது விநாடியை மட்டும் தனியாக வெட்டி அறிவுமதியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். ஞாயிறு மாலை நாலு இருபது. கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

"யாரு சார் நீங்க? இன்னா இது, பேய்ப் படம்?" என்று பதில் வந்தது.

நான் பதில் போடவில்லை. அரை மணி நேரம் கழித்து, "நன்றி சார்" என்று வந்தது. அந்தப் பையன் மூன்று நான்கு தடவை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். படத்தைக் கவனித்துப் பார்த்த ஒரே ஆள் அவன்தான்.

என்ன நடக்கும் என்று தெரியுமா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். தெரியும். சித்தப்பா பெண்ணுக்கு என்ன நடந்தது என்று ரேகா சொல்லியிருந்தாளே. திங்களும் செவ்வாயும் அவள் வழக்கம்போல மூன்றரைக்கு வந்தாள். செவ்வாய்க்கிழமை எனக்கு எதிரே நாற்பது நிமிடம் உட்கார்ந்து பேசினாள். மூன்று மாதம் ஆகிறது, இன்னும் சார்லஸிடம்கூடச் சொல்லவில்லை, நாளைக்கு அவருக்கு லீவு, அப்போது சொல்லப் போகிறேன், உங்களிடம்தான் சார் முதலில் சொல்கிறேன் என்றாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் பேசுவது என் சுபாவம் இல்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நான்கு பேர் வந்தார்கள். சார்லஸ் மாடிப்படிக்குக் கீழே வண்டி துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் உயிர் போக அதிக நேரம் ஆகவில்லை என்று உங்கள் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. ரேகா படியில் இறங்கி ஓடி வந்து குறுக்கே விழுந்திருக்கிறாள். தலையில் இரண்டு வெட்டு. குழந்தை தங்கவில்லை. அவள் சார்லஸிடம் சொல்லிவிட்டாளா, இல்லையா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

ஆமாம், நான்தான் செய்தேன். வெட்டியது அவர்கள். வெட்ட வேண்டிய இடத்தையும் நாளையும் எழுதி, குரல் கொடுக்க வைத்து, வெட்டி, அனுப்பியது நான். இதில் அசாருதீனுக்கோ, சின்னையனுக்கோ, அந்த மீன்கார அம்மாவுக்கோ சம்பந்தமில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

போட்டுவிட்டேன். இப்போது நான் ஒன்று சொல்லலாமா?

ஒன்பது நாளாக ரேகா வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். டாக்டரிடம் இல்லை, சுவேதாவிடம் இல்லை, நீங்கள் அனுப்பிய பெண் காவலரிடமும் இல்லை. குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, பேச மாட்டேன் என்கிறாள் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நீங்கள் எல்லோரும் போய்க் கேள்வி கேட்கிறீர்கள், அதுதான் தப்பு. அவளிடம் கேட்கக் கூடாது. என்னை ஒரு மணி நேரம் கூட்டிப்போங்கள். விலங்கு போட்டபடியே வருகிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தால் போதும். மூன்றரை மணியாக இருந்தால் நல்லது, அவளுக்குப் பழகிய நேரம். நான் ஒன்றும் பேச மாட்டேன். சும்மா உட்கார்ந்திருப்பேன், அவளே ஆரம்பிப்பாள். பாவம், மனம் விட்டுப் பேச அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?