படப்பை ரோட்டில் கொதித்த வண்டி

அய்யய்யோ, சார்! சாவிய திருப்பாதீங்க. கைய எடுங்க மொதல்ல. ஒரே ஒரு தபா செல்ஃப் அடிச்சிட்டீங்கன்னா மொத்த இன்ஜினும் காலி, அப்பால இந்த ஜெயவேலுவ கேக்கக் கூடாது. உள்ள தண்ணி பூந்துகீதா இல்லையான்னே இன்னும் தெர்ல. சிலிண்டர்ல தண்ணி நின்னுகினு இருக்கசொல்ல செல்ஃப் அடிச்சா பிஸ்டன் எங்க சார் போவும்? தண்ணி நசுங்காது. உள்ள கீற ராடுதான் வளையும். எறங்குங்க. இந்த ஸ்டூல்ல குந்துங்க. பாத்து, வேட்டில கிரீஸ் பட்றப் போவுது.

தெரியும் சார், தெரியும். பாப்பாவுக்குப் பேசி முடிக்கப் போற அன்னிக்கா இப்டி ஆவணும்? மாப்ள வூட்டுக்காரங்க படப்பைல எல வாங்கி வெச்சிகினு காத்துகினு இருந்திருப்பாங்க. நேத்து நீங்க அம்மாவையும் பாப்பாவையும் கூட்டிகினு நடு ரோட்ல நின்னா வயிறு எரியத்தான் செய்யும். பட்டுப்பொடவயோட லாரி ஏறி வந்தாங்களா? அடக் கடவுளே. சரி, இன்னிக்கு எத்தினி மணிக்கு வர்றேன்னு சொல்லிகீறீங்க? நாலு மணியா? டாக்சி புடிச்சித் தரேன், அதுல போங்க. இந்த அம்பாசிடர் இன்னிக்கு நகராது. இது இன்னிக்கு நகராதுன்னு மூஞ்சப் பாத்தே சொல்லிடுவேன்.

டிரைவர் தப்பா? ம்... இருக்கலாம் சார். சூட்டு முள்ளு மேல ஏறறத பாக்காம வுட்டுருக்கலாம். டிரைவருங்க அப்டித்தானே, பேசிகினே ஓட்டுவானுங்க. அத்த இப்ப நான் சொல்ல முடியாது. இன்ஜின் சொல்லட்டும்.

போன வாரமா? போன வாரம் சும்மா சர்வீஸ் சார். ரேடியேட்டர்ல பழைய தண்ணிய எறக்கிட்டு புதுசு வுட்டேன். அவ்ளோதான். அத்த வுடுங்க. இப்ப இத்தப் பாருங்க.

ஃபேன் பெல்ட்டு நல்லாத்தான் கீது. அமுக்கிப் பாத்தேன், தளரல. ஓஸ் பைப்பு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டுமே கிழியல. தண்ணி பம்புல ஒழுக்கு இல்ல. அப்ப தண்ணி எங்க பூடுச்சின்னு கேக்கறீங்க. வரேன் சார், வரேன். ஒண்ணொண்ணா வரேன். மொதல்ல எவ்ளோ கெட்டுகீதுன்னு பாத்துடலாம்.

இந்த ஆயில் கம்பிய உருவறேன். பக்கத்துல வாங்க. ஆயில்ல தண்ணி கலந்துடுச்சின்னா பால் ஊத்துன காப்பி மாதிரி வரும். வந்துச்சின்னா இன்ஜின் பிளாக்குலயே விரிசல்னு அர்த்தம், அதுக்கப்பால நான் ஒண்ணும் பண்ண முடியாது. மூச்ச புடிச்சிகினு பாக்கறீங்க, நானும் அப்டித்தான் பாக்கறேன். தோ... கருப்பு. பாருங்க, துணியில தடவறேன். சுத்தமான கருப்பு. தீஞ்ச வாடையும் இல்ல. மோந்து பாருங்க சார். அப்பாடா.

  

நாலு பிளக்கையும் கழட்டிட்டேன். இப்ப ஹேண்டில போட்டு கையால மெதுவா சுத்தப் போறேன். பிஸ்டன் சூட்டுல கவ்விகினு இருந்துச்சின்னா சுத்தவே சுத்தாது. சத்தம் போடாதீங்க, காத வெச்சிக் கேக்கணும். ம்... ம்... சுத்துது. சார், சுத்துது! எங்கியும் புடிக்கல, வெண்ணெ மாதிரி சுத்துது. ஆங், பாத்தீங்களா? பாத்தீங்களா, மூணாவது ஓட்டையிலருந்து பீச்சுது? ரெண்டாவதுலயும். அது பெட்ரோல் இல்ல, தண்ணி. இதுக்குத்தான் கைய எடுங்கன்னு கத்துனேன்.

ஹெட் கேஸ்கெட் பூடுச்சி. இன்ஜினோட மேல் மூடிக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவுல ஒரு தகடு இருக்கும் சார், அதுதான். ரெண்டாவது சிலிண்டருக்கும் மூணாவதுக்கும் நடுவுல பிச்சிகினு பூடுச்சி. ஹெட்டு வளைஞ்சிகீதான்னு அத்த எறக்கி, ஸ்டீல் ஸ்கேல் வெச்சாத்தான் தெரியும். வளைஞ்சிருந்தாலும் கடைசல் புடிச்சி சமம் பண்ணிடலாம். பிளாக்கு தப்பிச்சிடுச்சி. உங்க இன்ஜின் சாவல சார்.

எப்டி தப்பிச்சிச்சின்னா... அதத்தான் சொல்லணும். முள்ளு செவப்புக்குப் போனதும் அந்த எடத்துலயே ஆஃப் பண்ணிகீறான் உங்க டிரைவர். இன்னும் ரெண்டு மைல் ஓட்டியிருந்தா பிஸ்டன் கவ்விகினு, ஆயில் தீஞ்சி, இந்த ஹேண்டில்ல நான் தொங்குனாலும் சுத்தாது. படப்பை கண்ணுக்கு எதிர்க்க இருந்தும் நிறுத்திகீறான், இல்ல? நீங்க போடா போடா, கிட்ட வந்துட்டோம்னு சொன்னீங்களா? சொல்லியும் போவல.

அப்பால தண்ணி. பக்கத்து வூட்டுப் பொம்பள கொடத்துல தண்ணி கொண்டாந்து குடுத்தாங்களாமே. நீங்க ஊத்துடான்னீங்க, அவன் ஊத்தல. அதுக்குத்தானே அம்மா எதிர்க்கவே, பொண்ணு எதிர்க்கவே, எதுத்தா பேசறேன்னு கேட்டு நாளைலருந்து வராதன்னுட்டீங்க? அவன் மரத்தடில பீடி புடிச்சிகினு குந்திகினு இருந்தான்னு சொன்னீங்க. குந்தத்தான் சார் குந்தணும். கொதிக்கிற இரும்புல பச்சத்தண்ணி ஊத்தியிருந்தா அந்த எடத்துலயே பட்டுனு வெடிச்சிருக்கும் பிளாக்கு. ஒரு மணி நேரம் திட்டு வாங்கிகினு சும்மா குந்திகினு இருந்ததாலதான் உங்க இன்ஜின் பொழச்சிச்சி.

எட்டு வருசம் ஓட்டிகீறான் சார் பொன்னுரங்கம் உங்களுக்கு. காலைல வண்டிய லாரில கட்டி இழுத்துகினு வரசொல்ல அவன்தான் ஸ்டியரிங் புடிச்சிகினு வந்தான். வேலைய வுட்டுத் தூக்குனவங்க வண்டிக்கு எவனாவது வந்து ஸ்டியரிங் புடிப்பானா? தோ, எதிர்க்க டீக்கடையில நிக்கிறான். டீ கூட வாங்கல.

அப்ப தண்ணி எப்டிக் கொறஞ்சிச்சி, அதானே? நீங்க கேட்டுகினேதான் இருக்கீங்க. நானும் பெல்ட்டு, பைப்புன்னு சுத்திகினே இருக்கேன்.

ரேடியேட்டர் மூடி சார். அதுல கீற ரப்பரு காஞ்சி பூடுச்சின்னா தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் பூடும், சொட்டு கூட கீழ வுழாது. ஓட்டுறவனுக்குத் தெரியவே தெரியாது. முள்ளு ஏறசொல்லதான் தெரியும், அதுக்குள்ள தண்ணி பாதிதான் இருக்கும்.

இல்ல சார், உங்க மூடி நல்ல மூடி. உங்க மூடி தோ, அந்த சாமி படத்து கீழ கீது.

ஆயுத பூஜை சார். அன்னிக்குத்தான் உங்க வண்டி தண்ணி மாத்த நின்னுச்சி. ஷெட்டுல கீற ஸ்பேனர், ஜாக்கி, கழட்டிப்போட்ட ஓட்ட ஒடசல் எல்லாத்தையும் மண்ணெண்ணெயில கழுவி, சந்தனம் கொழச்சி பொட்டு வெச்சி வரிசையா வெச்சோம். உங்க மூடியையும் வெச்சேன். தூக்கிப் போடணும்னு வெச்சிருந்த ஒரு பழைய மூடி, அதுவும் வரிசையிலதான். பொட்டு வெச்சிட்டா எல்லாம் ஒரே மாதிரி ஷோக்கா கீது. மறுநாள் காலைல நீங்க அவசரம்னு ஆள் அனுப்புனீங்க. கைக்கு வந்தத எடுத்து மாட்டுனேன். ரப்பரத் தடவிக் கூடப் பாக்கல. இருவது வருசமா இந்த வேலை பண்றேன், மூடியத் திருப்பிப் பாக்கல.

ஹெட்ட எறக்கி ஏத்தற வேலை, கேஸ்கெட், எல்லாம் என்னுது. அதப்பத்திப் பேசவே வேணாம். நீங்க என்னிய இன்னா வேணாலும் திட்டுங்க, வண்டிய வேற ஷெட்டுக்கு எடுத்துகினு போங்க. பயந்துட்டேன் சார். உங்க பேரச் சொல்லி, சுவிசேஷமுத்து சார் வண்டியவே கெடுத்துட்டான்னு மார்க்கெட் முழுக்கப் பேசுவானுங்களேன்னு பயம். வேற ஒண்ணுமில்ல.

காலைல லாரி வந்து நின்னதுமே பானெட்ட தூக்குனேன். மூடி மேல சந்தனம் கருகி, குங்குமம் அப்டியே கீது. சடக்குனு கழட்டி, பேன்ட்டுல தொடச்சி, ஜோபில போட்டுகினேன். யாரும் பாக்கலன்னு நெனச்சித் திரும்புனேன். பொன்னுரங்கம் பக்கத்துலயே நின்னுகினு இருந்தான் சார். பாத்துட்டான். என்னையும் பாத்தான். அப்பால உங்ககிட்ட வந்து சாவியக் குடுத்துட்டுப் போய்ட்டான்.