கத்தரின் மீது நான் கொண்ட பொறாமை

தலைமை தாங்கும் அருமைராசா ஐயா அவர்களே, பனிக்காற்றிலும் பேருந்து மாறி வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரே, மூத்தோரே, தோளோடு தோள் சேர்ந்த ஹெய்ட்டிச் சொந்தங்களே, கியூபெக் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் நகுலேஸ்வரனின் நெஞ்சார்ந்த வணக்கம்.

அயலவர் கூட்டுக்குழுவின் மூன்றாம் ஆண்டு விழாவில் வெற்றியைப் பேசச் சொன்னார்கள். நான் பொறாமையைப் பேச வந்திருக்கிறேன். யாருடைய பொறாமை? என்னுடைய பொறாமை! யார் மீது? இதோ, முன்வரிசையில் இருக்கும் கத்தரின் அம்மையார் மீது!

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள்.

பத்து ஆண்டுகள் இந்த மொன்றியலில் எம்மவரின் படிவங்களை நிரப்பியவன் நான். மருத்துவமனையா, நகுலேஸ்வரன்! குடிவரவா, நகுலேஸ்வரன்! கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுமுன் நான்கு பேர் சூழ்ந்துகொள்வார்கள். அந்தச் சுகத்தில் நான் மிதந்தபோது வந்தார் கத்தரின். ஹெய்ட்டியில் பிறந்தவர், முதியோர் இல்லத்தில் பணிபுரிபவர். எல்லா நிறத்தவரும் ஒன்றாக நின்றால்தான் ஏழைகளுக்கு வீடும் வேலையும் நியாயமாகக் கிடைக்கும் என்று இந்தக் குழுவுக்கு ஆள் சேர்த்தார். ஆறே மாதம்! என் வாசலுக்கு வந்த கால்கள் அவர் வாசலுக்குத் திரும்பின.

அப்போதுதான் யோகராணி வீடு தேடினாள். மூன்று பிள்ளைகளின் தாய். இருந்த வீட்டில் ஈரச்சுவர், பூஞ்சணம், சின்னவளுக்கு மூச்சு இழுப்பு. வாடகைப் பலகை தொங்கிய ஒரு வீட்டுக்கு நான்தான் அழைத்துப்போனேன். உரிமையாளர் எங்கள் முகத்தைப் பார்த்தார். "வீடு போய்விட்டது" என்றார். நான் என்ன செய்தேன்? "பிள்ளை, வேற வீடு பாப்பம்" என்றேன்.

கத்தரின் என்ன செய்தார்? மறுநாள் வெள்ளைக்காரத் தோழி ஒருவரை அதே கதவைத் தட்டச் சொன்னார். "வாருங்கள், உள்ளே வந்து பாருங்கள்!" என்றார் உரிமையாளர். வீடு எங்கும் போகவில்லை, ஐயா! நாங்கள் கேட்டது வாடகைக்கு வீடு. அவர் பார்த்தது எங்கள் தோலின் நிறம்!

குழு மனித உரிமை ஆணையத்தில் முறைப்பாடு செய்தது. விசாரணைக்குச் சாட்சி வேண்டும். யோகராணியோடு நின்று அந்தச் சொல்லைக் கேட்டவன் நான் ஒருவனே. "அண்டைக்கு எனக்கு வேலை" என்றேன். பொய்! வென்றால் பெயர் கத்தரினுக்குப் போய்விடுமே என்ற வெப்பிசாரம், வயிற்றெரிச்சல்.

என் மனைவி கௌரி விடவில்லை.

"வேலையுமில்லை, ஒண்டுமில்லை. உங்களுக்கு எரியுது."

"சனம் ஏன் என்னை விட்டுட்டு அவவிட்டப் போகுது?"

"நீங்கள் படிவம் நிரப்புறியள். அவ சண்டை பிடிக்கிறா."

அந்தச் சனிக்கிழமை கத்தரினே இரண்டு பேருந்து மாறி, பியர்பொன்ட்ஸில் என் வாசலில் பனியோடு நின்றார். "வணக்கம் அண்ணை" என்றார். யோகராணியின் பிள்ளைகள் பழக்கிய தமிழ். அதற்கும் பொறாமைப்பட்டேன்!

பிறகு பிரெஞ்சில் சொன்னார்: "முன்பு நான் சலவைத் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றேன். 'தமிழரைப் பாருங்கள், வாய் திறவாமல் வேலை செய்கிறார்கள்' என்பார் மேற்பார்வையாளர். உங்களைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. ஒருநாள் ஒரு தமிழ்ப் பெண் சொன்னாள், அவளிடம் அதே மேற்பார்வையாளர் எங்களைக் காட்டி அதையே சொன்னாராம். எங்கள் இருவரின் கைகளும் ஒரே வெந்நீரில்தான் வெந்தன."

விசாரணைக்கு நான் போனேன். கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். உரிமையாளர் செய்தது பிழை என்று தீர்ப்பு வந்தது. யோகராணி இன்று வேறொரு நல்ல வீட்டில் இருக்கிறாள். பிள்ளை இரவில் இழுப்பில்லாமல் உறங்குகிறாள். தீர்ப்பு வந்த அன்று யோகராணி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தது யாரை? என்னையா?

"இன்னும் எரியுதோ அண்ணை?" என்கிறார் பின்வரிசையில் ஒருவர். ஓம் தம்பி, எரியுது!

ஆனால் தோழர்களே, வறுமை நம்மை ஒரே வரிசையில் நிறுத்துகிறது. முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தே முணுமுணுக்கிறோம். கதவைப் பூட்டியது யார் என்று கேட்டோமா? ஒன்றாகக் கேட்டோமா? உரக்கக் கேட்டோமா? கேட்க வைத்தவர் கத்தரின்!

மூன்றாண்டு தலைமை தாங்கிய அருமைராசா ஐயா இன்று விடைபெறுகிறார். புதிய தலைவராக என் பெயரைச் சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஐயா, அதை வெட்டிவிடுங்கள். கத்தரின் அம்மையாரை நான் முன்மொழிகிறேன். மனம் தெளிந்து அல்ல; முழுப் பொறாமையோடுதான் முன்மொழிகிறேன்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி, மெர்சி, வணக்கம்.