இடது கதவின் ஒடுக்கு

— இரும்பை நகத்தாதே மயிலா. கதவு குழிஞ்ச ஒடுக்குக்கு நேராப் புடி.

— நேராத்தானுங்க புடிச்சிருக்கறேன்.

— இல்ல. சத்தம் பொய் சொல்லாது. பின்னால இரும்பு இருந்தா 'ணங்'குன்னு கேக்கும். இப்பக் கேளு, 'டொம்'முங்குது. வெறுந் தகரத்துல அடிச்சா தகரம் நீண்டு போயிரும். அப்பறம் ஆரு வந்தாலும் பழைய அளவுக்குக் கொண்டார முடியாது.

— இப்பங்க?

— ம். இப்பச் செரி. அப்பிடியே அழுத்திக்க. என்ற இடது தோளு ஒழுங்கா இருந்தா, தண்டவாளத் துண்டை உங்கையில குடுத்து இந்த வண்டித் துருவுக்குள்ள உக்கார வெச்சிருப்பனா?

— உங்களுக்காக உக்காரலீங்க. தம்பி பொண்டாட்டி ராசாத்திக்காக உக்காந்திருக்கறேன். வெள்ளிக்கெழம எங்கப்பன் வந்து வண்டியை அவளுக்கு ஓட்டீட்டுப் போகோணும். அவ அண்ணன் நாமகிரிப்பேட்டை மஞ்ச மூட்டை ஏத்தட்டும். தகப்பனில்லாத அவ புள்ளைக்கு அதாச்சும் ஆகட்டும்.

— வண்டி மட்டுந்தான் போகுதா?

— நானுந்தான். அது உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும். துணிமணி கட்டிட்டயா?

— நாலு சீலையைக் கட்டறதுக்கு நாள் பாக்கோணுமா? அடிங்க. பேச்சுல கை நிக்குது.

— மூணு வருசத்துல இன்னிக்குத்தான் எங்கூட இத்தனை பேச்சுப் பேசறே. செயில்ல இருந்து வந்தன்னிக்குக்கூட, "கை கழுவுங்க, சோறு வெச்சிருக்கறேன்". அம்புட்டுத்தான்.

— நடுவுல தகரம் இருக்குதுங்களே. மூஞ்சி தெரியல. அதான் வாய் வருது.

— அப்ப இந்தத் தகரத்துக்குத்தான் நான் கும்புடு போடோணும்.

— நக்கலுக்கு ஒண்ணும் கொறைச்சலில்ல... ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? மூணு வருசமாத் தொண்டைக்குள்ளயே கெடக்குது.

— கேளு.

— தம்பி செத்த அன்னிக்கு வண்டியில போறப்ப, அவன் உங்ககிட்ட எதாச்சும் கேட்டானுங்களா?

— என்ன கேக்கறது? வெத்தலை கேட்டான். குடுத்தேன்.

— வேற ஒண்ணும் கேக்கல?

— கேக்கல. எதுக்கு?

— சும்மாதானுங்க. கேக்கலீன்னா செரி.

— வலது கதவு முடிஞ்சுது. கையை எடு. பாரு, உள்ள குழிஞ்சிருந்த எடமே தெரியல. இனி உப்புத்தாள் போட்டு, சேலத்துல பெயிண்டுக் கடை நசுருல்லா பாய் குடுத்த செந்தூரத்தை எண்ணெயில கொழைச்சு அடிப்பூச்சுப் பூசீறலாம். நீ ஊட்டுக்குள்ள போ.

— செந்தூரம் பூசுனா, குங்குமம் அப்புன மாரியாயி கல்லாட்டம் இருக்கும். செரி, இடது கதவு என்னாச்சுங்க?

— அதை நான் பாத்துக்கறேன்.

— ஒத்தைக் கையிலயா?

— அடிக்கவே வேண்டாம். பட்டி வெச்சு மூடீட்டு மேல பூசிக்கலாம்.

— அட! பட்டி வெச்சு மூடறது திருட்டு வேலை, மொத மழைக்கே உதுந்து போகும்னு காலையிலதான நீங்க சொன்னீங்க? வலதுக்கு நாலு நாள் அடி, இடதுக்குப் பட்டியா? ராசாத்திக்குப் போற வண்டின்னா அவ்வளவு எளப்பமா?

— அந்தப் பக்கம் செவுத்தோரம். நொழைய முடியாது.

— உங்களுக்கு முடியாது. நான் உள்ளாலயே நகந்து போயிருவேன். இதா, போயிட்டேன்.

— வேண்டாம் மயிலா. எறங்கு.

— ஏனுங்க.

— ம்.

— இந்த ஒடுக்கு வெளியால பொடைச்சுக்கிட்டு நிக்குது.

— மரம் அடிச்சது.

— மரம் வெளியில நின்னுச்சு. அது அடிச்சிருந்தா வலது கதவாட்டம் உள்ளாலயில்ல குழிஞ்சிருக்கோணும்? இது உள்ளயிருந்து என்னமோ மோதுன ஒடுக்குங்க.

— மஞ்ச மூட்டை சரிஞ்சிருக்கும்.

— மூட்டையெல்லாம் பின்னாலயில்ல கெடந்துச்சு? நடுவுல அடிச்ச பலகையைத் தாண்டி முன்னால எப்பிடி வந்துச்சு?

— அடிபட்ட நேரத்துல எது எங்க போச்சுன்னு ஆரு பாத்தா?

— இருங்க, சாஞ்சு பாக்கறேன். என்ற தோளுக்கு எட்டல. நாலு வெரக்கடை மேல நிக்குது. இது உங்க தோளு மட்டமுங்க.

— எறங்குன்னு சொன்னேன்!

— உங்களுக்கு முறிஞ்சது இடது தோளு. ஸ்டேரிங்கு இருக்கறது வலது பக்கம். ஸ்டேரிங்கைப் புடிச்சிருந்தவரோட தோளு இந்தக் கதவுல எப்பிடீங்க மோதும்? உங்களுக்கும் கதவுக்கும் நடுவுல என்ற தம்பி தீர்த்தகிரி உக்காந்திருந்தானே! சுத்தியைக் கீழ வெச்சிட்டீங்க. சத்தம் கேட்டுச்சு. பேசுங்க. இப்பவும் நடுவுல தகரந்தான் இருக்குது.

— அவன் நடுவுல உக்காரல.

— பொறவு?

— ஸ்டேரிங்குல உக்காந்திருந்தான். பள்ளிபாளையத்துக்கு முன்னால அந்தப் புளியமரத்து வளைவு. ஆடு ஒண்ணு குறுக்க ஓடுச்சு. ஆட்டைக் காப்பாத்தறேன்னு ஒடிச்சான். மரம் அவன் பக்கமா வந்துருச்சு.

— போலீசுக்காரங்ககிட்ட நான்தான் ஓட்டுனேன்னு சொன்னீங்க. அப்பன் உங்க சட்டையைப் புடிச்சு, "எம்மவனைக் கொன்னுட்டயேடா"ன்னு கத்துனப்ப மண்ணைப் பாத்துக்கிட்டு நின்னீங்க. ஆறு மாசம் செயில்ல கல்லொடைச்சீங்க. எதுக்குங்க இதெல்லாம்?

— நீ அவங்கிட்ட வாங்குன சத்தியத்துக்காகத்தான்.

— அந்தச் சத்தியமுங்களா?

— வண்டியைக் கெணத்து மேட்டுல ஏத்தி செவுத்தை இடிச்சானே, அன்னிக்கு அவன் கையை உன்ற வயித்து மேல வெச்சு, "இனி ஸ்டேரிங்கைத் தொடமாட்டேன்"னு சொல்ல வெச்சே. உனக்கு ஆறு மாசம். அடுத்த மாசமே அவன் போயிச் சேந்தான். அந்தச் சேதி கேட்டு, வயித்துல இருந்த புள்ளயும்...

— சொல்லாதீங்க.

— சத்தியத்தை மீறி எம்புள்ளயத் தின்னுட்டான்னு நீ அவனை வெறுத்திருப்பே. செத்தவனை வெறுத்தா, காலுல உளுந்து கேக்க அவன் வரமாட்டான். என்னைய வெறுத்தா நான் இங்கயே இருக்கறேன். வையறதுக்கும் ஆளிருக்குது, பட்டினி போடறதுக்கும் ஆளிருக்குது.

— ஒருநாளும் பட்டினி போடலீங்க.

— போடல. ஒரு வார்த்தை பேசாம வெச்ச அந்தச் சோறுதான் செயிலை விடக் கஷ்டமா இருந்துச்சு.

— அவன் கடைசியா என்னமாச்சும் பேசுனானா?

— என்ற மடியிலதான் கெடந்தான். "அக்காகிட்டச் சொல்லீறாதீங்க மச்சான். நான் ஓட்டுனேன்னு மட்டும் சொல்லீறாதீங்க." ரெண்டு தடவை சொன்னான். செரி சாமின்னு தலையைத் தொட்டுச் சொன்னேன். சத்தியத்தை மீறுன பயம், பாவம். இத்தனை நாள் காப்பாத்துனேன். இன்னிக்கு இந்தத் தகரம் காட்டிக் குடுத்துருச்சு. மயிலா? அழுகறயா?

— இல்லீங்க.

— அவனை வெய்யாதே. சின்ன வயசு, ஆசை. தப்பு என்ற மேலயும் இருக்குது. "ஸ்டேரிங்கைக் குடுங்க மச்சான், அக்கா ஒண்ணும் சொல்லாது"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான். பொய்யின்னு தெரிஞ்சும் எந்திரிச்சு எடம் குடுத்தேன்.

— கேட்டானா?

— கேட்டான். வெத்தலை மட்டுந்தான் கேட்டான்னு சித்த முன்ன சொன்னது பொய். மன்னிச்சுக்க. உன்ற அப்பன் வந்தா, போறதும் இருக்கறதும் உன்ற இஷ்டம்.

— அப்பன் வந்தா வண்டியை மட்டும் குடுத்தனுப்புங்க.

— நீ போகலியா? எம்மேல இருந்த கோவம் போயிருச்சா?

— எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுங்க அந்த ஊட்டு வாசலை மிதிப்பேன்? ராசாத்தி புள்ளயை எப்பிடி எடுத்து இடுப்புல வெப்பேன்? தம்பி 'சொல்லீறாதீங்க'ன்னது எனக்குப் பயந்து இல்லீங்க. நான் மனசொடியக் கூடாதுன்னு எனக்காகச் சொல்லியிருக்கறான்.

— என்ன சொல்றே? எனக்கு வெளங்கல.

— அவன் உங்ககிட்டப் பொய் சொல்லலீங்க. அன்னிக்கு விடியால மாரியாயி கோயில்ல தேங்காயொடச்சு, அந்தச் சத்தியத்தை நானே திருப்பி எடுத்துட்டு, "ஒருக்கா மச்சானைக் கேட்டு ஓட்டிப் பாரு சாமி"ன்னு அவனை அனுப்பி வெச்சவ நாந்தானுங்க.