நூல் இல்லாமலும் நிக்கும்

அட இருங்கத்தான், லிஃப்ட்டுக்கென்ன, மறுபடியும் வரும். அந்த பிளாஸ்க்கை இப்படிக் குடுங்க. அக்கா ஒண்ணும் வெந்நிக்குத் தவிச்சுக்கிட்டு இல்ல. மருந்து ஏத்த நர்ஸ் இன்னும் வரல, கொஞ்சம் உக்காருங்க.

சேச்சே, பயமெல்லாம் இல்ல. சும்மா பேசணும் போல இருக்கு.

இந்தப் புது மருந்து என்ன செய்யும்னு அன்னிக்கு அக்காவுக்குச் சொன்னேனே, நீங்க பக்கத்துல தூங்கி வழிஞ்சீங்க. சரி சரி, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டீங்க, ஒத்துக்கறேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் புரதம் செய்யுற குட்டிக் குட்டி மெஷின் எக்கச்சக்கமா இருக்கு. நல்ல செல்லு தேவைக்குத்தான் ஓட்டும். புற்றுநோய் செல்லு ஓயாம ஓட்டும், அப்பத்தானே பெருக முடியும். மெஷினை நிறுத்திட்டா மொதல்ல அதுதான் சாகும். உங்க பொண்டாட்டி தையல்காரியாச்சே, டக்குனு பிடிச்சுக்கிட்டா. ஓவர்டைம் பாக்குற கடையில பூந்து மெஷினை முடக்கணும், அவ்வளவுதானேடீன்னா. இத்தனை வருசமா ஆய்வுக்கூடத்துல குப்பை கொட்டுறேன், எனக்கு இப்படிச் சொல்ல வரல.

அவ கட்டியிலேர்ந்து எடுத்த செல்லை நான்தான் வளத்தேன். சொந்தக்காரங்க கை வைக்கக் கூடாதுன்னு பெரிய டாக்டர் சொன்னார். என்னளவு வேற யாரு கவனமாப் பாத்துக்குவாங்கன்னு கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். ரெண்டு தட்டு. ஒண்ணுல மருந்து, இன்னொண்ணு சும்மா. ரெண்டுக்கும் வேளாவேளைக்குத் தீனி மாத்தணும். ஆமா, தீனிதான், சிவப்பா ஒரு தண்ணி. சும்மா இருந்த தட்டை என்கூட வேலை பாக்குறவர் பாத்துக்கிட்டார். மருந்துத் தட்டு என் பொறுப்பு.

அதுல அத்தனை மெஷினும் நின்னுருச்சு. போன்ல கத்தினேனே, ஞாபகம் இருக்கா? அதைக் கேட்டுத்தானே பழைய சிகிச்சை வேண்டாம், தங்கச்சி மருந்துதான் வேணும்னு அக்கா அடிச்சுச் சொன்னா. தங்கச்சி மருந்தாம். என்னவோ நான் அரைச்சுக் குடுத்த மாதிரி. பழசே நல்லாக் கேக்கும்னு டாக்டர் எவ்வளவு தூரம் சொன்னார்.

அதுக்கு முந்தின வாரம்தான் அவளுக்கு ரொம்ப முடியாமப் போச்சு. போகாதடீன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா, இங்கயே கெடந்தேன். தீனி மாத்தியாச்சுன்னுதான் நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

இன்னிக்குக் காலைல ஆய்வுக்கூடத்து ஃப்ரிட்ஜைச் சுத்தம் பண்ணேன். அந்த மருந்துத் தட்டுக்குன்னு எடுத்து வச்ச தீனி பாட்டில் பின்னால ஒளிஞ்சு கெடந்துச்சு. சீல் உடைக்கவே இல்ல.

புரியலையா? பட்டினி போட்டாலும் செல்லு மெஷினை நிறுத்திரும் அத்தான். அக்காவைக் கேட்டா ஒரே வார்த்தையில சொல்லிருவா, நூல் போடலன்னா மெஷின் எப்படிடீ தைக்கும்னு. மருந்து கேக்காதுன்னு சொல்லல. கேக்குமான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி கத்திட்டேன்.

டாக்டர்கிட்டயா? இல்ல, மொதல்ல உங்ககிட்டதான். இதோ, நர்ஸ் வந்துட்டாங்க. நீங்க போய் நிறுத்தச் சொல்... வேண்டாம், நானே சொல்றேன், அக்கா முன்னாலயே சொல்றேன். இந்தாங்க பிளாஸ்க், நீங்களும் கூட வாங்க.