இரவல் வருத்தம்

தலவாக்கலையில் பஸ் ஏறிய இரண்டு பெண்களும் பிரதேச சபையில் ரோடு கூட்டுகிறவர்கள். எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்ததும் மூத்தவள் சொன்னாள்:

"ஒன் கால் எரிச்சல இனிமே நான் சொல்ல முடியாது, செல்வி."

"ஏங்க்கா? கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"இல்ல. சபையில கிளினிக் வச்சதுலயிருந்து, ஒன் வருத்தத்த என் வருத்தம்னு சொல்லித்தானே மருந்து வாங்கிட்டு வாறேன். நீ கெஷுவல், நாள் கூலி, ஒன்னய கிளினிக் உள்ள எடுக்க மாட்டாங்க. இன்னைக்கு டாக்டரம்மா, இம்புட்டு எரிச்சலான்னு ரத்தம் எடுத்துப் பாத்துட்டாங்க."

"அப்புறம்?"

"ரத்தத்துல சீனி இருக்காம். எனக்கு."

இளையவள் செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தேய்த்தாள்.

"ஆனா எனக்குத்தானேக்கா எரியுது?"

"அதான் பயமா இருக்கு. எரியாத எனக்கே இருக்குன்னா ஒனக்கு? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் குடு."

"ஒருநாள் வராட்டியும் வேற ஆளப் போட்ருவாங்கக்கா."

பஸ் ஒரு வளைவில் திரும்பி நிமிர்ந்ததும் மூத்தவள் சொன்னாள்:

"நீ போ. வெள்ளென வந்து ஒன் ரோட்டயும் நானே கூட்டிர்றேன். ரோடு சுத்தமா இருந்தா, யாரு கூட்டுனான்னு எவன் பாக்கப்போறான்?"