மூன்றாவது கல்

புதிதாகச் சவரக்கத்தி வாங்குகிறவர்கள் கத்திக்கு வாரி இறைத்துவிட்டுக் கல்லில் கஞ்சத்தனம் பார்ப்பார்கள். ஐயா, நீங்கள் என்றைக்காவது வாங்கினால் அப்படிச் செய்யாதீர்கள். சுமாரான கத்தியை நல்ல கல் காப்பாற்றிவிடும். எவ்வளவு உயர்ந்த கத்தியானாலும் மட்டமான கல்லில் கொஞ்ச நாள் தேய்த்தால் அது வெண்ணெய் தடவத்தான் ஆகும்.

கடைக்காரர் பத்துக் கல்லை எடுத்து முன்னால் பரப்புவார். மயங்க வேண்டாம், மூன்று போதும். முதலில் ஆயிரம் நம்பர் கல். மழுங்கிய கத்திக்கு விளிம்பு பிடித்துக் கொடுப்பது அது. அடுத்தது நாலாயிரம். முதல் கல் போட்ட கீறல்களை ஆற்றும். மூன்றாவது எட்டாயிரம். தடவிப் பார்த்தால் கல் என்றே தோன்றாது, நனைந்த சோப்பு மாதிரி இருக்கும். விளிம்பை முடித்துக் கொடுப்பது அதுதான். பிறகு தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்துவிட்டால் கத்தி தயார். மூன்றாவது கல்லைத் தொடாத கத்தியும் பார்வைக்கு அதே மாதிரிதான் பளபளக்கும். முகத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். மயிரை வெட்டாமல் பிடித்து இழுக்கும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடையில் மூன்று நாற்காலிகள். ஒன்று என் மாமனாருடையது. இன்னொன்று அவருடைய மகனுடையது, அதாவது என் மனைவியின் தம்பி. மூன்றாவது என்னுடையதாக இருந்தது. ஒருநாள் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது மாமனார் என்னிடம் சொன்னார்: "மாப்ளே, உங்க கை கனம். வர்றவங்க முகம் சுளிக்கிறாங்க. நீங்க பின்னால உட்கார்ந்து கத்தியெல்லாம் பாத்துக்கங்க. தம்பிக்குக் கை பூ மாதிரி, அவன் முன்னால நிக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு இருந்த ஒருவர் சிரித்த சிரிப்பில் நுரை பறந்து கண்ணாடியில் ஒட்டியது. நானும் சிரித்தேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்து, பெண்ணையும் கொடுத்த மனிதர். அவர் பேச்சுக்குச் சிரிக்காமல் என்ன செய்வது?

பின்னறையில் ஒரு ஜன்னல், ஒரு தண்ணீர்த் தொட்டி, என் மூன்று கற்கள். நடுவில் ஒரு திரைதான். கடையில் பேசுவதெல்லாம் கேட்கும். "கை வச்சதே தெரியலப்பா", "பூ மாதிரி இருக்கு" என்று என் மைத்துனனை ஒவ்வொருவரும் மெச்சிவிட்டுப் போவார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, மாமனார் பூரிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கத்தி அப்படி வழுக்கிக்கொண்டு போவதற்கு என் கல் காரணம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

அதனால் மைத்துனனின் கத்திகளை மட்டும் இரண்டாவது கல்லோடு நிறுத்தினேன். அவ்வளவுதான் செய்தேன். மாமனாரின் கத்திகள் வழக்கம்போல மூன்று கல்லையும் பார்த்துவிட்டுத்தான் போயின.

"இழுக்குது அத்தான்" என்று ஒருநாள் வந்து நின்றான்.

"கத்தி சரியாத்தான் இருக்கு தம்பி. சிலருக்குத் தாடி முரடு. தாடைக்குக் கீழ மட்டும் கொஞ்சம் அழுத்திப் பிடி. அங்க பக்கவாட்டுல லேசா அறுக்குற மாதிரி இழு, வந்துடும்."

நல்ல பையன், சொன்னதைக் கேட்டான். முன்பெல்லாம் கத்தியை வாங்கியதும் முன்கை மயிரில் வைத்துப் பார்ப்பான். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் அதையும் விட்டுவிட்டான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நாள்படப் பழக்கினால் பூவும் கனக்கும் என்று நான் கண்டுகொண்டேன். அழுத்துவதும் சாய்த்து இழுப்பதும் யோசிக்காமலே வருகிற அளவுக்கு அவன் கைக்குப் பழகிவிட்டன.

தினமும் கடை திறப்பதற்கு முன் அவன்தான் அப்பாவுக்குச் சவரம் செய்வான். ஒருநாள் காலை மாமனார் தாடையைத் தடவிக்கொண்டே அலுத்துக்கொண்டார்: "ஏண்டா, என் கத்தியும் உன் கத்தியும் ஒரே கல்லுல தீட்டினதுதானே? என்னது யாருக்கும் இழுக்கலையே. உன் கைதான் கனத்துப் போச்சு."

திரைக்குப் பின்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில். அன்று மத்தியானம் மனைவி ஆச்சரியப்படும்படி சாப்பிட்டேன். இதோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நிறுத்தத்தான் இருந்தேன். மறுநாள் மாமனாரிடம் போய், "மாமா, உங்களுக்கு நான் பண்ணட்டுமா?" என்று கேட்டேன்.

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "வேணாம் மாப்ளே. கனத்தாலும் அது என் புள்ள கை." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "அவன் கத்திய மட்டும் இன்னும் கொஞ்சம் நல்லா தீட்டிக் கொடுங்க" என்றார்.

அவர் கேட்டார், நான் தீட்டினேன். அவர் வாயால் கேட்டதை அங்கே நின்ற என் மனைவியும் காதால் கேட்டிருக்கிறாள்.

எங்கள் தொழிலில் புதிதாகக் கை பழகுகிறவர்கள் ஊதின பலூனில் நுரை தடவிச் சவரம் செய்து பார்ப்பார்கள். என் மகளிடம் ஒரு சிவப்பு பலூன் இருந்தது. அதில் நுரை தடவி, இரண்டு கல் பார்த்த கத்தியை மைத்துனன் அழுத்துகிற மாதிரியே அழுத்தி, அவன் சாய்க்கிற மாதிரியே சாய்த்து இழுத்தேன். நுரை மட்டும் வழித்துக்கொண்டு வந்தது. அடுத்து, மூன்றாவது கல்லில் முடித்த கத்தி. அதே அழுத்தம், அதே சாய்வு. குழந்தை அழுதாள். வேறு வாங்கித் தருகிறேன் என்றேன், வாங்கியும் கொடுத்தேன்.

மறுநாள் காலை கத்தியைத் தோல்வாரில் இழுத்து அவன் கையில் நானே கொடுத்தேன். கன்னத்தில் எப்போதும் அவன் அழுத்துவதில்லை. முதல் இழுப்பிலேயே மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா, பூ மாதிரி இருக்குடா. பழைய கை திரும்பி வந்துடுச்சு."

நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'அழுத்தாதே' என்று ஒரு சொல் போதும். அது என் வாய்வரை வந்திருந்தது. கத்தி நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன். அவர் கை என்றார்.

மைத்துனன் அவர் முகவாயை நிமிர்த்தி, தாடைக்குக் கீழே தோலை விரலால் இழுத்துப் பிடித்தான். நான் சொல்லிக்கொடுத்தபடியே அழுத்தினான், சாய்த்து இழுத்தான். துண்டை எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவன் நான்தான். ஒரு துண்டு போதவில்லை.

எல்லோரும் விபத்து என்றுதான் சொன்னார்கள், நீங்கள் உட்பட. மைத்துனன் இன்றுவரை பேசவில்லை. இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், மாமியார்தான் ஊட்டிவிடுகிறார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. தீட்டின மரத்திலேயே கூர் பார்த்தவன் என்று என்னைத் திட்டினால், அதை மட்டும் மறுக்க மாட்டேன்.

யாருக்கும் என்மேல் சந்தேகம் இல்லை. முன் நாற்காலியும் எனக்கே வந்துவிட்டது. பிறகு ஏன் நானாக ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றுதானே கேட்கிறீர்கள்? நேற்று நீங்கள் கடைக்கு வந்து எல்லோர் முன்னாலும் ஒன்று சொன்னீர்கள். "அந்தப் பையன் கத்தி ரொம்ப நாளா இழுத்துச்சுன்னு கஸ்டமர் எல்லாம் சொல்றாங்க. மழுங்கின கத்தி, அதான் வழுக்கியிருக்கு. யார் தீட்டினது?" மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பின்னால உட்கார்ந்து என்னத்தத் தீட்டினீங்க மாப்ளே?"

அதை என்னால் தாங்க முடியவில்லை ஐயா.

நீங்கள் எடுத்துவந்த அந்தக் கத்தியைத் துடைத்து, உங்கள் முன்கை மயிரில் வைத்துப் பாருங்கள். அழுத்த வேண்டாம். நான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மழுங்கின கத்தி என்று மட்டும் எழுதாதீர்கள். கனத்த கையால் அப்படியொரு விளிம்பைக் கொண்டுவர முடியாது. மாமா இருந்திருந்தால், தொட்டுப் பார்த்து அவரே உங்களிடம் சொல்லியிருப்பார்.