நல்ல காரியம் முடியட்டும்

“அம்மாவின்ரை மூளையும் நண்டுக்கால் மாதிரியோ சேர், ஒரு பக்கம் பெரிசோ?” என்று சிசிலியாவின் மகள் லவீனா ஒருமுறை கேட்டாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. நல்ல கேள்வி என்று சொல்லி ஒரு ரொபி இனிப்பு கொடுத்தேன். குழந்தைகளை வெறுங்கையோடு அனுப்புவது எனக்குப் பழக்கமில்லை.

நீங்கள் விசாரிக்க வந்திருப்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். நான் மருத்துவன்; மூளையின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் அளந்து ஒப்பிடுவது என் ஆய்வு. பேச்சுக்குரிய பகுதி பெரும்பாலானோருக்கு இடப்பக்கம்தான் பெரிது. இடக்கைக்காரர் சிலருக்கு மாறியிருக்கும். அவர்களை இங்கே கண்டுபிடிப்பது கடினம். சோற்றில் இடக்கை பட்டதுமே அடித்துத் திருத்திவிடுகிறார்கள். குருநகரில் கிழிந்த மீன்வலை பொத்தும் சிசிலியாவை மட்டும் யாரும் திருத்தியிருக்கவில்லை.

என் ஆய்வுக்காக முதல் ஸ்கானுக்கு வந்தபோது, “என்ன சேர், உள்ளுக்கை ஏதும் கிடக்குதோ? இந்த மனுசன் இல்லையெண்டெல்லோ சொல்லுறார்,” என்றாள்.

“கிடந்தால் உவள் என்னைக் கட்டியிருப்பாளே சேர்?” என்றார் கணவர் நீக்கிலாப்பிள்ளை.

கிடந்தது. வலப்பக்கம் பெரிதாக, நான் வருடக்கணக்காகத் தேடிய மூளை. கூடவே இடப்பக்கத்தைத் தொட்டபடி, மண்டையோட்டின் உட்புறத்தில் ஒரு கட்டி. கடலையளவு. அந்த அளவில் வெட்டி எடுத்தால் ஆள் வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைக்கலாம்.

சொல்லத்தான் இருந்தேன். ஆனால் அடுத்த ஞாயிறு லவீனா முதன்முறை நற்கருணை வாங்கும் முதல்நன்மை. வெள்ளைச் சட்டை தைத்தாயிற்று. அந்த நேரத்தில் கூடாத செய்தியை நம் ஊரில் யாராவது சொல்வார்களா? நல்ல காரியம் முடியட்டும் என்று விட்டேன். அது முடியக் கோயில் பெருநாள் வந்தது. பிறகு புதுப் படகுக்கு ஆசீர்வாதம். அந்தக் குடும்பத்துக்குக் கடவுள் நல்ல காரியங்களைத் தாராளமாகக் கொடுத்தார். நான் என்ன செய்ய?

“எல்லாம் சுகம்தானே சேர்?” என்று ஒவ்வொரு ஸ்கானுக்குப் பிறகும் கேட்பாள்.

“ஓம் பிள்ளை, வடிவாக் கிடக்கு.”

பொய்யல்ல. படம் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நல்லூர் முருகன் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனையும் செய்தேன். வேதக்காரப் பெண்ணுக்கு நட்சத்திரம் தெரியாது, முருகனுடையதையே சொன்னேன்.

இன்னொன்றும் உண்டு. அவளுடைய பேச்சு வலப்பக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அப்படியானால் இடப்பக்கக் கட்டி எவ்வளவு வளர்ந்தாலும் சொற்கள் போகக்கூடாது. இதைச் சோதிக்க ஒரு மனிதருக்குள் கட்டி வைக்க முடியாது, அது பாவம். இங்கே அது தானாக வந்திருந்தது. நான் குறுக்கே நிற்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் வருடம் கட்டி எலுமிச்சங்காய் அளவு. சிசிலியா தன் வலையூசியைக் காட்டி, “இது... சேர், இந்த... தைக்கிறது,” என்றாள். பிறகு பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்துக்கொண்டு அவளுடைய பெயரைத் தேடினாள்.

என் கணிப்பு பிழை. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சத்திரசிகிச்சைக்கு நானே கூட்டிப்போனேன். அவளுடைய தலையணையைக்கூட நான்தான் தூக்கினேன். பிந்திவிட்டது என்றார்கள். மேசையிலேயே போய்விட்டாள்.

செத்தவீட்டில் நீக்கிலாப்பிள்ளை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “உங்களைப்போல ஆர் சேர் எங்களைப் பார்த்தது?” என்று அழுதார். வெளியே நல்ல மழை. லவீனா பின்னால் ஓடிவந்து, “நனையாதேங்கோ சேர்,” என்று தாயின் குடையைத் தந்தாள்.

ஆம், மூன்று வருடமும் எனக்குத் தெரியும். தெரிந்தே விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அதோடு இதையும் எழுதுங்கள். அடுத்த ஞாயிறு அவர்கள் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். காயவைத்து மடித்த குடையைக் கேற்றில் கொழுவிவிட்டுத் திரும்பினேன். ஒருவரும் காணவில்லை. பிறர் பொருளை வைத்திருக்க எனக்கு மனம் வராது.